எண்ணும்மை

வார்டோ துறைமுகம். பகல் பதினொரு மணி இருட்டு.
ஜனவரி பாதிவரை சூரியனுக்கு இங்கே வேலையில்லை.
சோல்விக்கு உண்டு.

எடைக்கூடத்திலிருந்து பட்டியல் வந்திருக்கிறது.
தோர்ஸ்க் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ,
ஹீசே தொண்ணூறு,
சேய் முப்பத்தொன்று.
பைத்தானில் பட்டியல் என்றால்
சதுர அடைப்புக்குள் ஐஸோடு அடுக்கிய பெட்டி.
தெற்கே ஏலச் சங்கத்தின் சர்வர்
பெட்டியைத் தொடாது.
முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு
அதன்பின் எல்லாவற்றையும்
ஒரே சரமாகத் தொடுத்து அனுப்பவேண்டும் அதற்கு.

சரம் என்றால் பூ இல்லை.
கரையில் காய்கிற மீன்களைப் பார்த்தால் புரியும்:
இரண்டிரண்டாக வால்சேர்த்துக் கட்டி
கழியின் இருபுறமும் தொங்குகின்றன.
மீன்=தோர்ஸ்க். எடை=412.
கட்டு ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு &.

ஏழு வரியில் ஒரு வளையம் எழுதினாள்.
முதல் நாள், கடைசிக் கட்டுக்குப் பிறகும்
ஒரு & சும்மா தொங்கியது. கிள்ளியெறிந்தாள்.
மறுநாள், மூன்று மீனுக்கும் மீன் மீன் மீன் என்று
மூன்று தரம் பெயர் சொல்லி அனுப்ப
சர்வர் கடைசிச் சேயை வைத்துக்கொண்டு
மற்ற இரண்டையும் கடலில் விட்டது.

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு
இந்தத் தொல்லை பாதிதான்.
தோர்ஸ்கும் ஹீசேயும் சேயும் என்று
ஆளுக்கொரு உம் கொடுத்துவிடுவேன்,
நடுவில் நிற்கும் ஒற்றைக் குறியை
எந்தப் பக்கத்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

குட்வெய்க் வந்தபோது கையுறையில் உப்பு.
"மூன்று வாரமாகப் பணம் வரவில்லை."
படகின் பக்கவாட்டில் எழுதியிருப்பதுதான்
சரத்திலும் போயிருந்தது:
விற்பவர்=எல்வெமு & மகள்

சர்வர் படித்தது வேறு.
விற்பவர், எல்வெமு. நிறுத்தம்.
அடுத்து, மகள் என்று ஏதோ ஒரு பெயர்.
சமக்குறி இல்லை. எதிரே ஒன்றும் இல்லை.
அறியாத பெயரைச் சத்தமின்றித் தள்ளிவிடு என்று
யாரோ என்றோ எழுதிவைத்திருந்தார்கள்.
பணம் எல்வெமுவின் பழைய கணக்கில்
வாராவாரம் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது.
எல்வெமு போன மார்ச்சில் இறந்துபோனார்.

சோல்வி திரையை அவள் பக்கம் திருப்பினாள்.
"இந்தக் குறிதான். உங்கள் படகில் சேர்த்துவைக்கிறது.
இங்கே வெட்டிவிடுகிறது.
பெயருக்குள் வந்தால் இதை %26 என்று மாற்றி எழுதவேண்டும்."
"இருபத்தாறு சதவீதமா?" குட்வெய்க் எழுந்துவிட்டாள்.
"அப்பா எழுதிக்கொடுத்தது சரிபாதி."

சிரித்துவிட்டாள் சோல்வி.
சிரித்ததற்காகக் காபி ஊற்றினாள்.

பிற்பகல் முழுக்க அதுதான்.
முதலில் தொடுத்த சரத்தை மொத்தமாகச் சுற்றிப்பார்த்தாள்:
முடிச்சுகளும் காகிதத்துக்குள் போய்
சர்வருக்கு ஒரே ஒரு நீளச் சொல்லாகத் தெரிந்தது.
ஒவ்வொன்றையும் முன்பே சுற்றவேண்டும்,
அப்புறம்தான் கட்டு.
இந்த வேலையைச் செய்யவென்றே
மொழியோடு வந்த நூலகத்தில் ஒரு செயற்கூறு
பல வருடமாகக் காத்திருந்தது.
தன் ஏழு வரியை அழித்தாள்,
கொஞ்சம் வருத்தத்தோடு.
பௌட்ஸ்ஃபியூர் ஊரின்
வட்டம் சூடிய எழுத்துகூட
இப்போது சிதையாமல் போய்ச்சேருகிறது.

வெள்ளிக்கிழமை பணம் வந்தது. பாதி.
மறுபாதிக்கு வங்கியில் வேறு படிவம்.

ஞாயிறு புயல். ஒரு படகும் போகவில்லை.
காலிப் பட்டியலை எடுத்து
நிரல் தன் பாட்டுக்குத் தொடுத்து
முகவரிக்குப் பின்னால் வெறும் ? ஒன்றை
நிறுத்தி அனுப்பியது.
சர்வர் உடனே பதில் சொன்னது:
இருநூறு. எல்லாம் சரி.